வலுக்காரணிப் பாடம் கப்பாசிற்றரோடு முடியக்கூடாது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இலத்திரனியல் படிப்பிக்கும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

நான் கல்முனையில் பவர் சப்ளை, யூபிஎஸ், எல்ஈடி டிரைவர் திருத்துகிறவன். உங்களிடம் படித்துவிட்டு வேலை பழக வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் வலுக்காரணி (பவர் ஃபாக்டர், இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) என்று கேட்டால் மோட்டாருக்குக் கப்பாசிற்றர் போடுவதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அரிசி ஆலை மோட்டாருக்கு அது சரி. ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையர் உள்ள போர்டுக்கு உதவாது. அங்கே கரண்ட் பிந்துவதல்ல சிக்கல், வோல்டேஜ் உச்சிக்கு வரும் கொஞ்ச நேரத்துக்குள் அது கூர்கூராக இழுபடுகிறது, வலுக்காரணி 0.6 அளவில் கிடக்கிறது, மூன்று பேஸிலும் இப்படிப்பட்ட லோட் இருந்தால் மூன்றாம் ஹார்மோனிக் (மெயின்ஸைப்போல மூன்று மடங்கு ஹெர்ட்ஸில் வரும் கரண்ட்) எல்லாம் நியூட்றலில் கூடி வயரைச் சூடாக்குகிறது.

இதைத் திருத்துவது வோல்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வேர்ட்டரும் அதை நடத்தும் ஐசியும். சின்ன சப்ளையில் எல்6562 போன்ற ஐசி, கொயிலின் கரண்ட் பூச்சியத்துக்கு இறங்கியதும் மொஸ்ஃபெட் சுவிட்சைத் திரும்ப ஓன் பண்ணும். பெரியதில் யூசி3854 மாதிரி ஒன்று சராசரிக் கரண்டை சைன் அலையோடு ஒட்டியே கொண்டுபோகும். அந்த ஐசியில் அளந்து பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் லூப் இரண்டு: கரண்டுக்கு வேகமானது, 400 வோல்ட் அளவில் நிற்கும் பஸ்ஸுக்கு, அதாவது கன்வேர்ட்டரின் டிசி வெளியீட்டுக்கு, மெதுவானது.

அந்த மெதுவைத்தான் தயவுசெய்து விளங்கப்படுத்துங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பஸ்ஸில் எப்போதும் 100 ஹெர்ட்ஸ் அலைவு இருக்கும், அதையும் சமன் செய்ய வோல்டேஜ் லூப் ஓடினால் கரண்டின் வடிவம் கெட்டுவிடும், அதனால்தான் அதன் வேகத்தை 10, 20 ஹெர்ட்ஸுக்குள் கட்டிவைக்கிறார்கள். என்னிடம் பழகும் பிள்ளை ஒன்று அந்த வேகத்தைக் கட்டிவைக்கும் காம்பன்சேஷன் கப்பாசிற்றருக்குப் பதிலாகக் கைக்கு வந்த சின்னதை ஒட்டிவிட்டது. மீட்டரில் பஸ் சரியாக நின்றது, லோடும் ஓடியது. கரண்ட் கிளாம்ப் போட்டு, அலையின் வடிவத்தைக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் கரண்ட் ஒரு பக்கம் சாய்ந்து கோணிக்கிடந்தது. ஸ்கோப் இல்லாத கடையில் அந்த போர்ட் அப்படியே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆகவே ஒரு செயன்முறைப் பாடமாவது வையுங்கள். போர்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம், பஸ் கப்பாசிற்றரை டிஸ்சார்ஜ் பண்ணாமல் யாரும் கைவைக்க விடாதீர்கள். காம்பன்சேஷன் கப்பாசிற்றரை மாற்றிப்போட்டு இரண்டு அலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். போர்ட் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கடையில் பழையது கிடக்கிறது, நானே கொண்டுவந்து தருகிறேன்.