அப்பாவோட செவுரு

செம்பூர்
ஞாயித்துக்கிழமை ராத்திரி

எலேய் மக்கா,

நாலு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல, கோவமாத்தான் இருப்ப. அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கு? சின்னவன் காலேஜ் சேர்ந்துட்டானா? சோடாபுட்டி ஊருக்கு வந்தப்போ நீ மெலிஞ்சுட்டேன்னு சொன்னான், ஒழுங்கா சாப்புடு. இங்க எல்லாரும் சுகம்னு எழுத மனசு வரல, அதான் இத்தன நாள் ஓடிப்போச்சு.

அப்பாவுக்குக் கண்ணு போய்க்கிட்டே இருக்குல. க்ளாக்கோமா. ரெண்டு பக்கமும் இருட்டிக்கிட்டே வந்து இப்போ குழாய் வழியா பாக்குற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது. போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தெல்லாம் மிச்சத்தக் காப்பாத்தத்தான்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா யாராவது கையப் பிடிச்சா அவியளுக்குப் பிடிக்கல, உதறி விட்டுருதாவ. ராத்திரி ஹால் செவுத்தத் தடவிக்கிட்டே பாத்ரூம் போவாவ. மொழுமொழுன்னு இருக்கற செவுத்துல எவ்வளவு தூரம் வந்தோம்னு என்னத்தக் கண்டு தெரியும்? மே மாசம் ஒரு ராத்திரி டிவி ஸ்டாண்டுல இடிச்சு விழுந்துட்டாவ.

அதுக்கப்புறம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனேன். அங்க ஹால்ல பூவும் கொடியுமா செவுத்துல இருந்து புடைச்சு நிக்குது, அட்டையில உருவத்த வெட்டி எடுத்து, அந்த ஓட்டை வழியா செவுத்துக்குப் பூசுற பட்டிய இழுத்ததாம், ஸ்டென்சில்னு பேரு. எல்லாரும் போட்டோ எடுக்காங்க, நான் கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாத்தேன். அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

3 எம்எம் சன்போர்டு, அதான் லேசான ப்ளாஸ்டிக் அட்டை, வாங்கி 18 இஞ்சுக்கு ஒரு இலைக்கொடி வெட்டுனேன். பாத்ரூம் கதவு பக்கத்துல மட்டும் வளையம் வளையமா வரட்டும்னு இன்னொரு அட்டையில வளையம் வெட்டுனேன், நடு வட்டம் பொத்துன்னு கீழ விழுந்துச்சு. அப்பா அட்டைய வாங்கித் தடவிப் பாத்துட்டு, "பாலம் எங்கல?"ன்னு கேட்டாவ. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் பெயிண்ட் ஷாப்புல எத்தன வருஷம் ரயில் பெட்டிக்குத் தகரம் வச்சு நம்பர் போட்ட கைல அது. சைபர், எட்டு, ஆறு எதுக்கும் உள்வட்டத்தையும் வெளியையும் சேத்துப் பிடிக்க ஒரு துண்டு வெட்டாம விடணும், அதுதான் பாலம், அது இல்லாட்டி உள்வட்டம் நிக்காதாம். பெட்டி நம்பர்ல மொத ரெண்டு எண்ணும் அது செஞ்ச வருஷம்னு நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்து, ஸ்டேஷன்ல போற வண்டிக்கெல்லாம் வயசு சொல்ல வைப்பாவளே, நெனப்பு இருக்கா?

அன்னையில இருந்து வேல அவிய வேல ஆயிருச்சு. பழைய பெயிண்ட் பளபளப்பா இருந்தா பட்டி ஒட்டாது, மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ன்னாவ. தேய்ச்சேன். பட்டி இட்லி மாவு கணக்கா இருந்தா அட்டைக்கு அடியில கசிஞ்சு ஓரம் பிசுறும், இன்னும் கெட்டியாக் கொழைக்கணும். அட்டைய மாஸ்கிங் டேப்பால ஒட்டி, பட்டித் தகட்டச் சாய்ச்சுப் பிடிச்சு ஒரே சீரா இழுத்துட்டு, ஈரம் இருக்கும்போதே ஒரு பக்கத்துல இருந்து மெதுவாத் தூக்கிடணும், காஞ்சப்புறம் தூக்குனா ஓரம் பேந்துகிட்டு வந்துரும். தூக்குற அந்த ஒரு நிமிஷம் இருக்கே மக்கா, அட்டை போனதும் இலை மட்டும் செவுத்துல நிக்குது, எனக்கு மூச்சே நின்னுருச்சு. பக்கத்து இலையையும் அப்பவே போட்டா அட்டை ஈரத்துல ஒரசிரும்னு ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டேன். 14 அடி செவுத்துக்கு ஒம்பது தடவ, மொத அஞ்சு, அது காஞ்சப்புறம் நாலு. மிஞ்சுன அரை அடிதான் வளையத்துக்கு. மும்பை மழையில எங்க காயுது? ஃபேன் போட்டு ரெண்டு ரெண்டு நாள் காத்துக் கெடந்தேன். உயரம் அப்பா கைக்குத் தோதா 36 இஞ்ச்.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் ஆறல. பட்டி காஞ்சதும் ஓரம் கத்தி மாதிரி நிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. மொத நாளே அப்பா விரல் தோல் கிழிஞ்சு ரத்தம், வயசான தோல் வெங்காயச் சருகு மாதிரில்லா இருக்கும். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. மறுநாள் 220 நம்பர் உப்புத்தாள வச்சு ஒவ்வொரு இலையா மழுக்குனேன், என் கன்னத்த வச்சு ஒரசிப் பாத்துட்டுத்தான் அடுத்த இலைக்குப் போனேன். அப்புறம் ப்ரைமர், மேல கரு நீலம். வெள்ளச் செவுத்துல நீலம்னா அந்தக் குழாய்ப் பார்வைக்கும் கொஞ்சம் ஆப்படும்.

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு. லைட்டு போடல, எந்திரிக்கவும் இல்ல. செவுத்துல கை ஒரசுற சத்தம் சர்ரு சர்ருன்னு போயி வளையத்துகிட்ட நின்னுச்சு, பாத்ரூம் கதவு தொறந்துச்சு. திரும்பி வரும்போது வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே வந்தாவ, ஒம்பது வரைக்கும்.

பால்கனி பக்கத்து மூல இன்னும் பாக்கி. அத நானே இழுக்கேன், நீ அட்டைய மட்டும் பிடின்னு சொல்லிட்டாவ. அப்புறம், நீ ஹாஸ்டலுக்குப் போகும்போது உன் ட்ரங்குப் பெட்டியில அப்பா தகரம் வச்சு உன் பேரு போட்டுக் குடுத்தாவளே, அது இருக்கா? பெயிண்ட் உதிர்ந்துருச்சான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாவ. பாத்துட்டு நீயே போன் பண்ணி அவியகிட்ட சொல்லுல.

உன்
மக்கா