குவாட் மட்டும்தான் ஸ்கேட்டிங்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பனித்தளத்தில் ஆடும் ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றாலே எத்தனை குவாட், அதாவது காற்றில் நான்கு சுற்று சுற்றும் தாவல், என்றுதான் முதலில் கேட்கிறார்கள், எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் அமெரிக்க வீரர் இலியா மலினின் போட்டியில் முதன்முதலாகக் குவாட் ஆக்சல் தாவி இறங்கினார். நாலரைச் சுற்று, அதுவும் முன்பக்கம் பார்த்தபடி கிளம்பி. அதைச் சின்ன விஷயம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அதே வருஷம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இன்னொரு அமெரிக்கர் ஜேசன் பிரவுன் ஒரு குவாட்கூட இல்லாமல் ஆறாவது இடம் பிடித்தாரே, அதையும் பாருங்கள். முழங்காலை ஆழமாக மடித்து, பிளேடின் ஓரத்தில் சாய்ந்து, விரல் நுனிவரை இசையோடு போகிறார், தாவப் போகிறார் என்பதே கடைசி நொடியில்தான் தெரிகிறது.

சிக்கல் மதிப்பெண்ணில் இருக்கிறது. போட்டியின் நீண்ட இரண்டாம் பகுதியான ஃப்ரீ ஸ்கேட்டில் கலைப் பக்கத்துக்குச் சுமார் 100-தான் உச்சம், தாவல்களுக்கு அப்படி வரம்பே இல்லை, குவாட் ஆக்சலின் அடிப்படை மதிப்பு மட்டுமே 12.5. சரி, அப்புறம் ஒரு பயிற்சியாளர் தன் பையனை எதில் மணிக்கணக்காக உழைக்கச் சொல்வார்? ஜப்பானின் யுசுரு ஹன்யு 2014-லும் 2018-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது தாவலும் நடனமும் ஒன்றாகவே இருந்தன. சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் அந்த 100-ஐ உயர்த்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்