செயின்லைன் பார்த்தாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நின்ற இடத்திலேயே ரோலரில் சைக்கிள் ஓட்டும் வீடியோவைத் தம்பி காட்டினான். அவனுக்குத்தான் அனுப்பியிருக்கிறாய், சரி. போனைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். செயின் விடாமல் கரகரவென்று அரைக்கிறது. சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கினால் முன் பல்சக்கரம், அந்தச் செயின்ரிங், கோணியிருக்கிறது என்பேன், இது ஒரே சீராக வருகிறது. பெடல் மாட்டும் கிராங்க் மாற்றியதிலிருந்துதான் இப்படி என்றான். முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், அதுதானே செயின்லைன். செயின்லைன் பார்த்தாயா?

உன் பின் ஹப் 120 மில்லி, பாதி 60. பின்சக்கரம் மாட்டும் ட்ராப்அவுட்டின் உள்பக்கத்திலிருந்து பின் பல்லின் நடுவுக்கு 18 இருந்தால், ஃப்ரேமின் மையத்திலிருந்து 42. முன்னாலும் அதே 42 வர வேண்டும். சீட் டியூப் 28.6 குழாய்தானே, அதன் வலப்பக்கத்திலிருந்து செயின்ரிங் பல்லின் நடுவுக்கு 27.7 வருகிறதா பார். கண்ணால் பார்த்துச் சொல்லாதே, வெர்னியர் வைத்து அள.

உன் சுகினோ 75 கிராங்குக்கு 109 மில்லி அச்சு. அங்கே கைக்குக் கிடைத்த 113-ஐப் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாலு மில்லி கூட என்றால் பக்கத்துக்கு இரண்டு, செயின்ரிங் 44-இல் நிற்கும். இரண்டு மில்லிதானே என்பாய். கியர் சைக்கிளில் செயின் எவ்வளவோ கோணி ஓடுகிறதே என்பாய். அதில் கால் நிறுத்தலாம், பிரேக் உண்டு. உன்னுடையது டிராக் சைக்கிள், சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், செயின்தான் பிரேக். வேகத்தில் கழன்றால் காலுக்குப் பிடிமானம் இல்லை, பல்லில் சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். தம்பி காட்டிய போட்டோவில் உன் முழங்கையில் கட்டு இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

டெல்லி வெலோட்ரோமில், சைக்கிள் பந்தய மைதானத்தில், என் பொண்ணு ஓட்டுகிறாள், 2010 காமன்வெல்த்துக்குக் கட்டியது, 250 மீட்டர், மரத்தளம் என்று பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். ஆறாவது படிக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு வீல் கோட்டம் எடுத்தவள் நீ. அப்படிப்பட்டவள் எவனோ மாட்டிக் கொடுத்ததை அளக்காமல் ஏறி ஓட்டினால் எப்படி? கும்பகோணம் விஷயத்தில் செய்த மாதிரி இதிலும் எல்லாம் முடிந்த பிறகு சொல்லாதே.

பின் பல்லை வெளியே தள்ளிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அதைப் பூட்டும் லாக்ரிங்குக்கு மரை போதாது. அச்சைத்தான் மாற்ற வேண்டும். அச்சின் சதுர முனையில் ஜப்பான் அளவு, ஐஎஸ்ஓ அளவு என்று இரண்டு உண்டு. நீளம் ஒன்றாக இருந்தாலும் முனை மாறினால் கிராங்க் நான்கைந்து மில்லி தள்ளி உட்காரும், கேட்டு வாங்கு. அச்சைத் தாங்கும் வலது கப்புக்கு ரிவர்ஸ் மரை, மறந்துவிடாதே. மாட்டியதும் மறுபடி அள. கொஞ்சம் ஓட்டிவிட்டுப் போல்ட்டை இன்னொரு தடவை டைட் வை. அதுவரை டிராக்கில் இறங்காதே, ரோலரிலேயே ஓட்டு.

அச்சுக்குப் பணம் போட்டிருக்கிறேன். டாக்டருக்கும் சேர்த்துத்தான். அம்மாவுக்குக் கட்டு விஷயம் தெரியாது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்னால் சமாளிக்க முடியும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளந்து எனக்கு அனுப்பு, தம்பிக்கு இல்லை. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, கூப்பிடு.

அப்பா