வானத்துத் தரவு இலவசம், அதை வாசல்வரை கொண்டுவர உங்கள் உதவி தேவை: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

காற்றைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களின் தரவு பெரும்பாலும் இலவசம். ஒரு கணக்கு தொடங்கினால் போதும், நேற்று மதியம் எடுத்த அளவீட்டை இன்று உங்கள் மடிக்கணினியில் இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் எதற்கு நன்கொடை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். செயற்கைக்கோள் தரவு ஒரு பக்கம். பள்ளி, மருத்துவமனை, சாலையோரம் என்று தரையில் நாமே பொருத்தும் சிறு கருவிகளின் அளவீடு இன்னொரு பக்கம். இவற்றோடு பொதுவில் கிடைக்கும் காற்றுத்தர முன்கணிப்பையும் சேர்த்து, நாளைக் காலை காற்று எப்படி இருக்கும், யார் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பதை இன்று மாலையே தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பப் போகிறோம். மென்பொருளும் தரவும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துத் தங்கள் பகுதிக்குப் பொருத்திக்கொள்ளலாம். எங்களிடம் அனுமதி கேட்கக்கூட வேண்டாம்.

ஒரு குறுஞ்செய்தி உயிரைக் காப்பாற்றுமா? லண்டனில் 'எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா' (Ella Adoo-Kissi-Debrah) என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். வாகனங்கள் ஓயாமல் ஓடும் தெற்குச் சுற்றுச்சாலைக்கு மிக அருகில்தான் அவள் வீடு. அவள் தாயார் விடாமல் போராடியதால் மறுவிசாரணை நடந்தது. 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம். அந்த நாட்டில் ஒருவரின் மரணக் காரணங்களில் காற்று மாசு அதிகாரபூர்வமாக இடம்பெற்றது அதுவே முதல் முறை. அதே தீர்ப்பில் இன்னொன்றையும் சொல்லியிருந்தார்கள். காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவலைத் தாய்க்கு யாரும் தரவில்லை. தந்திருந்தால் அவர் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள் அந்த மரணத்தைத் தடுத்திருக்கலாம். அளவீடுகள் எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அவை போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குச் சேரவில்லை.

எங்கள் குழுவில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அந்தக் கடைசித் தூரத்தைக் கடப்பதுதான் நம் வேலை என்பது.

சரி, செயற்கைக்கோளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? நன்கொடை கொடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். வண்ண வண்ணமாக ஒரு படத்தைக் காட்டி அசத்திவிட்டுப் பணம் கேட்பதில் எங்களுக்கு விருப்பமில்லை.

1999-இல் போன டெர்ரா, 2002-இல் போன அக்வா ஆகிய நாசா செயற்கைக்கோள்கள், காற்றில் மிதக்கும் தூசும் புகையும் சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதை அளந்து தந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலான தொடர்ச்சியான பதிவு அதில் இருக்கிறது. தரையில் ஒரு கருவிகூட இல்லாத நாடுகளின் காற்றைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்த வகை அளவீட்டிலிருந்து கணக்கிட்டதுதான். 2017 அக்டோபரில் ஐரோப்பா அனுப்பிய சென்டினல்-5பி நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். ஒவ்வொரு வாயுவும் சூரிய ஒளியில் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும். திரும்பி வரும் ஒளியில் எது குறைகிறது என்று பார்த்து, இன்ன வாயு, இவ்வளவு என்று சொல்லிவிடும். 2020-இல் ஊரடங்கின்போது நகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்டென்று குறைந்ததை உலகம் பார்த்தது இதன் வழியாகவும்தான்.

ஆனால் இந்தச் செயற்கைக்கோள் ஓர் இடத்துக்கு மேலே பெரும்பாலும் பகலில் ஒரே ஒரு முறைதான் வரும், அதுவும் உள்ளூர் நேரம் மதியம் ஒன்றரை மணி வாக்கில். சிக்கலே இங்கேதான். மதிய வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலெழும்பும். மாசு ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலந்து, மூக்கருகே செறிவு குறைந்திருக்கும். இரவில் தரை குளிர்ந்ததும் மேலே வெதுவெதுப்பான காற்று நின்று மூடி போட்டதுபோல் ஆகிவிடும். வாகனப் புகையும் அடுப்புப் புகையும் குப்பை எரிக்கிற புகையும் அந்த மூடிக்கு அடியிலேயே தேங்கும். விடிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் மூச்சிழுப்பது அந்தக் காற்றைத்தான். மதியப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "இன்று பரவாயில்லை" என்று சொன்னால், தவறான ஆளுக்குத் தவறான நேரத்தில் சொன்னதாகிவிடும்.

2020 பிப்ரவரியில் தென்கொரியா ஏவிய ஜெம்ஸ் என்ற கருவி சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நின்று, ஆசியாவைப் பகல் முழுக்க மணிக்கொரு தடவை பார்க்கிறது. வட அமெரிக்காவுக்கு டெம்போ 2023-இல் வந்தது. ஐரோப்பாவுக்கான சென்டினல்-4 2025 ஜூலையில் ஏவப்பட்டது. இவை நிலைமையை நிறையவே மாற்றும். ஆனாலும் இவையெல்லாம் சூரிய ஒளியை நம்பியவை, இரவில் பார்வை கிடையாது. மேகம் மூடினாலும் அந்த இடம் படத்தில் வெறும் ஓட்டைதான்.

இன்னும் ஒரு குறை உண்டு. மேலிருந்து பார்ப்பதால், உச்சியிலிருந்து தரைவரை உள்ள மொத்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்கு வரும். தொலைதூரக் காட்டுத்தீயின் புகை மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து போனாலும் படம் சிவக்கும், தரையில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. போதாததற்கு, சென்டினல்-5பி பார்க்கும் ஒரு கட்டம் ஏறத்தாழ 5.5-க்கு 3.5 கிலோமீட்டர். அதாவது 19 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே எண். நெரிசல் சாலையை ஒட்டிய வீடும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி மரங்களுக்கு நடுவே இருக்கும் வீடும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான். அந்தச் சிறுமியின் வீட்டை எந்தச் செயற்கைக்கோளும் தனியாகப் பார்த்திருக்காது.

அதனால்தான் தரைக் கருவிகள் வேண்டும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி போகப் போவதும் அதற்கே.

கருவி என்றால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. ஒரு குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் கதிர் குறுக்கே பாயும். துகள் ஒவ்வொன்றும் கதிரைக் கடக்கும்போது சிதறும் ஒளியை எண்ணி, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் (2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான விட்டமுள்ள துகள்) என்று சொல்லும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும், கருவி இல்லாத மாசைக் காட்டும். மூடுபனித் துளியையும் தூசி என்றே எண்ணும். உள்ளே போகும் துளையில் சிலந்தி வலை கட்டிவிட்டால் அளவீடு தாறுமாறாகும், இது கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு சென்சார்கள் வைக்கிறோம். இரண்டும் வெவ்வேறு எண் சொன்னால் ஒன்று கெட்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். பொருத்துவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் தரமான அரசு நிலையம் ஒன்றின் பக்கத்தில் சில வாரங்கள் ஓடவிட்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகும் ஆள் போய்த் துடைக்க வேண்டும், பழையதை மாற்ற வேண்டும். கருவி வாங்கித் தரப் பலர் முன்வருவார்கள். கருவிக்குத் திறப்புவிழா உண்டு, அதைத் துடைப்பதற்கு இல்லை. எனவே, வருகிற நன்கொடையில் பராமரிப்புக்கான பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அது போக மிஞ்சும் பணத்துக்கு எத்தனை கருவி வருமோ அத்தனைதான்.

அடுத்தது செய்தி. காற்றுத்தரக் குறியீடு என்று ஒரு எண் எல்லாச் செயலிகளிலும் வருகிறது, நிறத்தோடு. அந்த நிறத்தை அப்படியே நம்பிவிட முடியாது. நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி 58 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குறியீட்டின்படி அது 'திருப்திகரம்'. அமெரிக்கக் குறியீட்டின்படி அதே காற்று 'ஆரோக்கியத்துக்குக் கேடு'. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு நாள் சராசரிக்கு வரம்பு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு வெறும் 5. நுரையீரலுக்கு நாட்டெல்லை தெரியாது. ஆகவே எங்கள் செய்தியில் மைக்ரோகிராம் எண் இருக்கும், அது உலக சுகாதார நிறுவன வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்பதும் இருக்கும், கூடவே செய்ய வேண்டிய காரியமும் இருக்கும். மாதிரிக்கு, எண்கள் நீங்கலாக, காரியத்தைச் சொல்லும் பகுதி மட்டும்:

"நாளை காலை 5 முதல் 9 வரை காற்று மோசம். மதியம் தேறும். நடைப்பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இன்ஹேலரைப் பள்ளிக்குக் கொண்டுபோகட்டும். ஜன்னலைக் காலையில் மூடி மதியம் திறங்கள்."

அவ்வளவுதான். இதை ஸ்மார்ட்போன் இல்லாத ஒரு பெரியவரும் படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டும் படித்துக் காட்டச் சொல்லலாம். செயலி ஒன்று செய்தால் என்ன என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்களில் பலர் செயலி பதிவிறக்கும் வயதைத் தாண்டியவர்கள். பள்ளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனித்தனிச் செய்திகள் போகும். வாசகங்களை மருத்துவர்கள் பார்த்துத் திருத்திய பிறகே அனுப்புவோம். துணி முகக்கவசம் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது, என்95 போன்ற வகை சரியாக முகத்தில் பொருந்தினால்தான் பயன் என்பதுபோன்ற விஷயங்களில் அரைகுறைத் தகவல் போய்விடக் கூடாது.

நுண்துகளைப் பற்றி நிறையப் பேர் இன்னமும் இருமலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2.5 மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் அடிவரை போகும், அதிலும் மிகச் சிறியவை ரத்தத்தில் கலக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று 2013-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. வெளிக்காற்று மாசால் 2019-இல் சுமார் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எச்சரிக்கைச் செய்தியால் காற்று சுத்தமாகிவிடாது, அதை நாங்கள் அறிவோம். புகையைக் குறைப்பது அரசுகளும் தொழிற்சாலைகளும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவர்களிடம் போய்க் கேட்பதற்கும் கையில் கணக்கு வேண்டும். எந்தப் பகுதியில், எந்த மணிநேரத்தில், எவ்வளவு என்று காட்டும் திறந்த பதிவு இருந்தால் பேச்சே வேறு மாதிரி ஆகும்.

இனி பண விஷயம். கருவிகள், அவற்றின் பராமரிப்பு, தரவைச் சேமித்துக் கணக்கிடும் சர்வர் வாடகை, குறுஞ்செய்திக் கட்டணம், முழுநேரமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு தொழில்நுட்பரின் சம்பளம். செலவு இந்த ஐந்து தலைப்புகளில்தான். குழு உறுப்பினர்கள் யாருக்கும் ஊதியம் இல்லை, பயணப்படியும் இல்லை. ஒவ்வொரு காலாண்டும் வரவு செலவைப் பொதுவில் வைப்போம், ஆண்டு முடிவில் வெளித் தணிக்கையாளர் பார்ப்பார். புகை வெளியிடும் தொழில் நடத்துபவர்களிடமும், தரவை வெளியிடும்முன் தங்களிடம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுபவர்களிடமும் பணம் வாங்குவதில்லை. பெரிய தொகை ஒன்று இப்படிக் கைநழுவலாம், போகட்டும்.

தொகை சிறிதா பெரிதா என்று யோசிக்க வேண்டாம். ஒரே தடவை பெரிதாகத் தருவதைவிட, மாதந்தோறும் சிறிதாகத் தருவது எங்களுக்கு அதிகம் உதவும். சர்வர் வாடகையும் சம்பளமும் மாதா மாதம் வருகிறவை. பணமாக முடியாதவர்கள் வேறு விதத்தில் கைகொடுக்கலாம். மின் இணைப்பும் வைஃபையும் உள்ள, நிழலான வெளிச்சுவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு கருவிக்கு இடம் கொடுங்கள். ஏசி வெளியலகுக்கோ சமையலறைப் புகைபோக்கிக்கோ பக்கத்தில் மட்டும் வேண்டாம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், புள்ளியியல் படித்தவர்கள், மாதம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடைக்கத் தயாராக இருக்கும் கல்லூரி மாணவர்கள், எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

நன்கொடைப் படிவமும் வங்கி விவரமும் இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறோம். பணம் வந்து சேர்ந்ததும் எண்ணிட்ட ரசீது வரும். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் படிவத்தில் குறிப்பிட்டால் போதும். நேரில் வசூலிக்க நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. திட்டத்தின் பெயரைச் சொல்லி யாராவது வாசலில் வந்து நின்றால் பணம் கொடுக்காதீர்கள், எங்களுக்கு உடனே தெரியப்படுத்துங்கள்.

நன்றியுடன்,
திட்டக் குழு