விரைவுப் படகுகளின் தலைமை எது?

ஐயா,

இரண்டாம் உலகப்போர் குறித்த தங்கள் ஞாயிறு கட்டுரை, ஜெர்மன் விரைவுப் படகுகளை (டார்பிடோ எனும் நீருக்கடியில் பாயும் வெடிகுண்டை ஏவும் சிறு, வேகமான போர்ப்படகுகளை) நீர்மூழ்கிப் படையின் கிளை என்று குறிப்பிட்டது தவறு. அவை முதலில் 'டார்பிடோ படகுகளின் தலைவர்' என்ற தனிப் பதவியின் கீழ் இருந்தவை. பல நூறு டன் எடையுள்ள டார்பிடோ படகுகளையும், நூறு டன் அளவேயான விரைவுப் படகுகளையும் ஒரே தலைமை நடத்துவது எளிதா என்ன? 1942 ஏப்ரலில் விரைவுப் படகுகள் பிரிக்கப்பட்டு, கடற்படை அதிகாரி ருடால்ஃப் பீட்டர்சனிடம் ஒப்படைக்கப்பட்டன. 1944 ஏப்ரல் 28 அதிகாலையில், இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் ஒத்திகைக்கு வந்த அமெரிக்க வீரர்களில் 700க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டவை இவைதாம்.

ஜெர்மனியின் கீல் நகருக்கு அருகே லாபோ கடற்கரையில் உள்ள யு-995 நீர்மூழ்கியைப் பார்க்கச் சென்றபோது, உடன் வந்தவர்களில் ஒருவர்கூட விரைவுப் படகுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. திருத்தத்துடன், இப்படைகளின் தலைமை மாறிய வரலாற்றையும் ஒரு தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.