போனைக் கையிலிருந்து எடுத்ததும் வரும் அழுகை

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பெரியவளுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு. இப்போது தேறிவிட்டோம். உனக்குப் புது வேலை கிடைத்ததைப் படித்து மனசு நிறைந்துவிட்டது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். கையிலிருந்து போனை எடுத்தாலே மகள் கத்தித் தீர்க்கிறாள் என்று எழுதியிருந்தாயே, முதலில் அதற்கு வருகிறேன்.

சின்னவனும் இப்படித்தான் இருந்தான். நாலு வயது. டேப்லெட்டைக் கையிலிருந்து எடுத்த நொடியே தரையில் விழுந்து புரண்டு, முகம் சிவந்து, மூச்சு வாங்க வாங்க அழுவான். நான் அடுத்த அறையில் இருந்துகொண்டே "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று குரல் கொடுப்பேன், அதுதான் சரியான முறை என்று நம்பியிருந்தேன். ஆனால் 2016ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், அப்படி முன்கூட்டி எச்சரிப்பது அழுகையைக் கூட்டத்தான் செய்கிறது என்று கண்டார்கள். படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. யோசித்தால் நியாயம்தான், அந்த வயதில் ரெண்டு நிமிஷம் என்றால் என்ன தெரியும்? பிடுங்கப் போகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். கதை தானாக முடிகிற இடத்தில் நிறுத்தினால், தினமும் ஒரே வேளையில் நிறுத்தினால், தகராறு குறைகிறது.

அதனால் முதலில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அணைத்துவிட்டேன். இது முக்கியம், அது ஓடிக்கொண்டே இருந்தால் முடிவு என்பதே கிடையாது. கடைசிக் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்துவிடுவேன். "அந்த யானைக்குட்டி எங்க போகுது?" என்று கேட்டால் முதலில் காதிலேயே விழாது, கண் கூடச் சிமிட்டமாட்டான். மூன்றாவது தடவை கேட்கும்போது தலை லேசாகத் திரும்பும், "அம்மாகிட்ட" என்பான். அந்தத் திரும்பல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கதை முடிந்ததும் அவனே பட்டனை அழுத்தி அணைப்பான்.

உடனே உடம்புக்கு வேலை. துவைத்த துணிக்கூடையை அடுத்த அறை வரை தள்ளிக்கொண்டு போகச் சொல்வேன், முக்கி முனகித் தள்ளுவான். அவ்வளவு நேரம் கண் மட்டும் ஓட உடம்பு அசையாமல் கிடந்ததில்லையா, பாரமாக எதையாவது தள்ளினாலோ தூக்கினாலோ அவனுக்கு அந்தப் படபடப்பு இறங்குகிறது.

அப்படியும் சில நாள் அழுவான். அப்போது புத்தி சொல்லாதே, எதுவும் ஏறாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தன்னை அடக்குகிற மூளைப் பகுதி இன்னும் சரியாக வளரவில்லை, அது முழுதாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும், அதனால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் மகள் அழும்போது அவளோடு தரையில் உட்கார்ந்து, "நின்னுபோச்சு, கோபமா வருது, இல்ல?" என்று மட்டும் சொல்லி முதுகைத் தடவு. உன் மூச்சு நிதானமானால் அவளுடையதும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஆனால் அழுகிறாளே என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடாதே, நாளைக்கு இன்னும் சத்தமாக அழுவாள்.

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடு, அந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன அளவு, இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஒரு நாள் மீறிவிட்டால் அதற்காக உன்னையே திட்டிக்கொள்ளாதே, நீ எவ்வளவு களைத்துப் போய் வீடு திரும்புகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அவள் பார்ப்பது கதையா, விளையாட்டா? விளையாட்டு என்றால் முடிகிற இடமே வராது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி