முதுகைத் திருப்பக் கற்றுக்கொடுத்த பெண்ணுக்கும் உங்கள் எல்லோருக்கும்

வணக்கம்.

பேஸ்பால் ஆட்டத்தில் வீசிய பந்து என் மகனின் தாடையில் பட்டபோது நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை. தாடை ஆறிவிட்டது, பல்லும் தப்பித்தது. நேற்று அவன் ஆடியதையும் பார்த்தீர்கள். தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அடிபட்ட பிறகு அவனுக்கு வந்த பிரச்சினை பேஸ்பாலில் ரொம்பப் பழையது. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், கையைத் தூக்கியதுமே அடிப்பவனின் முன்கால் ஹோம் பிளேட்டை (அவன் பக்கத்தில் நின்று அடிக்கும் தரைத்தகடு) விட்டு விலகிப் போய்விடும். வலக்கை ஆட்டக்காரன் என்றால் இடது கால் மூன்றாம் பேஸ் (அடித்தவன் ஓடித் தொட வேண்டிய இடங்களில் மூன்றாவது) பக்கம் ஓடும். கால் போனால் இடுப்பு போகும், இடுப்பு போனால் தலையும் திரும்பிவிடும். அப்புறம் உடம்பிலிருந்து தள்ளி வெளிப்பக்கம் வரும் பந்தை மட்டை எட்டவே எட்டாது. டீ என்னும் கம்பத்தின் மேல் வைத்த பந்தை மட்டும் அழகாக அடித்துக்கொண்டிருந்தான். நிற்கிற பந்துக்கு யார் பயப்படுவார்கள்?

"பயப்படாதே, பந்தைப் பார்" என்று எல்லோரும் சொன்னோம். பிள்ளைகள் ஆடும் களத்தில் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் 46 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அதை அரை நொடியில் கடந்துவிடும். அந்த அரை நொடிக்குள் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுற்ற வேண்டும். அதற்கு நடுவில் பயப்படாமலும் இருக்க வேண்டும் என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்வான்!

அப்போது வந்தவள்தான் பக்கத்து மைதானத்தில் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) வீசிப் பழகும் அந்தப் பெண். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கும் எங்களுக்கும் முன்பின் பழக்கமில்லை. அவன் வேலிக்குப் பக்கத்தில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஒரு பை நிறைய டென்னிஸ் பந்தோடு வந்தாள். ஸ்விங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பந்து உன் மேலே வந்தால் எப்படி வாங்கிக்கணும்னு யாராவது உனக்குச் சொல்லிக்கொடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முன்தோளை உள்ளே, கேட்சர் (பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்) பக்கமாகத் திருப்ப வேண்டும். மோவாயைத் தோளுக்குள் புதைத்து, மட்டையையும் விரல்களையும் வயிற்றோடு இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போது பந்து முதுகில்தான் படும். வெளிப்பக்கம் திரும்பினால் முகத்தையும் மார்பையும் பந்துக்கு நாமே காட்டியது போலாகிவிடும். அவள் டென்னிஸ் பந்தை மெல்ல அவன் மேலேயே வீசினாள். அவன் திரும்பினான், முதுகில் 'பொத்'தென்று பட்டது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முதுகில் புண்ணோடு வரும் மகன் எனக்கு வேண்டாம் என்று வாளெடுத்த சங்ககாலத் தாய்மார்கள் என்னை மன்னிக்கட்டும்.

அடுத்து, அவள் பழகும்போது அவனை ஹெல்மெட்டோடு பேட்டர் கட்டத்தில் நிற்க வைத்தாள். மட்டை தோளில் இருக்கலாம், ஆனால் சுற்றக் கூடாது. பந்து கையுறைக்குள் போவதற்கு முன்னால் 'உள்ளே', 'வெளியே', 'மேலே' என்று குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பந்து பிடித்த அவளுடைய அப்பாதான் நடுவர். தன் பயிற்சி நேரத்தில் பாதியை அந்தப் பெண் இப்படிக் கொடுத்தாள். வாயால் சொல்ல வேண்டியிருந்ததால் கண் பந்தை விடவில்லை. கண் பந்தோடு போனதால் காலும் மெல்ல மெல்ல அடங்கியது. முழுசாக அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் விலகத்தான் செய்கிறது.

அதற்கு மருந்து தந்தவர் ஸ்கோர் எழுதும் பெரியவர். மற்ற அணிப் பிள்ளைகள் அவன் காலைக் கேலி செய்தபோது, பழைய பேஸ்பால் வீரர் ஆல் சிம்மன்ஸ் கதையை அவனுக்குச் சொன்னார். கால் மூன்றாம் பேஸ் பக்கம் விலகுவதாலேயே பட்டப்பெயர் வாங்கிய ஆட்டக்காரர் அவர். 1930-லும் 1931-லும் அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றார். வாழ்நாள் பேட்டிங் சராசரி .334, அதாவது மூன்று முறைக்கு ஒரு முறை ஹிட். 1953-இல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இந்த எண்களை என் மகன் இப்போது பல் தேய்க்கும்போதுகூடச் சொல்கிறான்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அவனைப் பெஞ்சில் உட்காரவைக்காமல் அடிக்கும் வரிசையில் ஒன்பதாவது இடத்தையாவது காப்பாற்றிக் கொடுத்த கோச், எடை குறைந்த மட்டையை இரவல் தந்துவிட்டு இன்றுவரை திருப்பிக் கேட்காத நண்பர், அடித்துப் பழகும் பேட்டிங் கேஜுக்குத் தங்கள் காரிலேயே அழைத்துப்போன பெற்றோர், கஞ்சியும் பழக்கூழும் கொண்டுவந்த கைகள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. அன்று பந்து வீசிய பிள்ளையின் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. உங்கள் மகனும் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவன் மேல் எங்களுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

நேற்று நான்காவது இன்னிங்ஸில் பந்து மறுபடியும் உள்ளே, அவன் மேலேயே வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும்தான் கேட்டது. திறந்து பார்த்தால், மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே தோளைத் திருப்பி முதுகில் வாங்கியிருக்கிறான். வேலி ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல், "சூப்பர்டா!" பந்து பட்ட பிள்ளைக்குக் கைதட்டியவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதன் பிறகு இரண்டாம் பேஸ் பக்கம் ஒரு பந்தை அடித்து அவுட்டானான், அதுவும் வெளிப்பக்கம் வந்த பந்து. மட்டை எட்டியது!

கோச், ஒரு வேண்டுகோள். அடுத்த சீசன் முதல் நாள் எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டென்னிஸ் பந்துகளை நான் வாங்கிவிட்டேன், அந்தப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கையில் மட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடலாம்.